இரண்டு குழந்தை பார்த்தவர் ஏன் பின்தங்கினார்? பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒதுக்கீடும் வேலையும்

எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர் 14 படுக்கை கொண்ட பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று மாதமாக இன்சார்ஜ் ஆக இருக்கிறார். இரவு ஷிப்டுக்கு ஐந்து செவிலியர்கள். நான்கு பேருக்கு மூன்று மூன்று குழந்தைகள், ஒருவருக்கு மட்டும் இரண்டு. அந்த இரண்டு குழந்தை பார்த்தவர்தான் காலை ரிப்போர்ட் நேரத்தில் பாதி வேலையை முடிக்காமல் நின்றிருக்கிறார். மூன்று குழந்தை பார்த்த இன்னொருவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். குழந்தைகளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனாலும் மருத்துவர், முதலாமவருக்கு வேலை தெரியவில்லை, வேறு வார்டுக்கு மாற்றுங்கள் என்கிறார். "குறை ஆளிடமா, நான் எழுதிய ஒதுக்கீட்டிலா?" என்பது கடிதம் எழுதியவரின் கேள்வி.

குறை ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது. இதை உங்கள் மனம் நோகச் சொல்லவில்லை. எந்தச் செவிலியருக்கு எந்தக் குழந்தை என்று பிரிக்கும் அதே ஒதுக்கீட்டுத் தாளை நானும் 9 ஆண்டுகள் எழுதியவள், அதே பிழையைச் செய்தவள். அந்தச் செவிலியரின் திறமையைப் பற்றி முடிவு சொல்ல உங்கள் கடிதத்தில் ஒரு தகவலும் இல்லை. அவருக்குக் கொடுத்த குழந்தைகளைப் பற்றியோ நிறைய எழுதியிருக்கிறீர்கள். அதையே பிரித்துப் பார்ப்போம்.

படுக்கை எண் 4-இல் 900 கிராம் குழந்தை, சிபாப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) ஓடுகிறது, மணிக்கு மூன்று நான்கு தடவை மூச்சு நின்றுபோகிறது. வார்டில் அப்னியா என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் வேலையைப் பாருங்கள். மானிட்டர் கத்துகிறது. செவிலியர் கையைச் சுத்தம் செய்துகொண்டு இன்குபேட்டரின் வட்டக் கதவைத் திறக்கிறார். கழுத்து மடங்கியிருக்கிறதா, மூக்கில் வைத்த குழல் நகர்ந்துவிட்டதா, வாயில் சளியோ பாலோ தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். உள்ளங்காலை விரலால் சுண்டுகிறார், முதுகை வருடுகிறார். நிறம் திரும்பத் தாமதமானால் ஆக்சிஜனைக் கூட்டுகிறார். குழந்தை மூச்சை இழுத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான். ஆனால் அவர் அங்கிருந்து நகர முடியாது. கூட்டிய ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமானால் விழித்திரை கெடும் என்பதால், மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவை 90-க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்த முயல்கிறோம். நடுவில் வேறு படுக்கையிலிருந்து அழைப்பு வந்து அவர் போய்விட்டால், அந்தக் குழந்தை 99-இலேயே கிடக்கும். அலாரம் அடங்கிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

படுக்கை எண் 9 வெளியிலிருந்து வந்த குழந்தைகளை வைக்கும் அறையில் இருக்கிறது. ரத்தத்தில் கிருமித்தொற்று, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் டோபமின் மருந்து ஓடுகிறது, நேரம் தவறாமல் ஆன்டிபயாடிக், சர்க்கரை அளவு பார்த்தல். பம்பில் டோபமின் தீருவதற்குள் அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைத்திருக்க வேண்டும், மாற்றும்போது இடைவெளி விழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். இந்த இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு கதவும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கை கழுவ வேண்டும், கவுன் மாற்ற வேண்டும். அங்கே நிற்கும்போது இங்கே அலாரம் அடித்தால் எந்தப் படுக்கை என்றே தெரியாது.

மூன்று குழந்தை பார்த்தவரிடம் இருந்தவை 1,600 கிராமுக்கு மேல் எடை ஏறி, பாலாடையில் பால் குடிக்கும் குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே வரிசை. தாய்மார்கள் வந்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்ட குழந்தைகள். அவர் நல்ல செவிலியராகவே இருக்கலாம், ஆனால் அந்த இரவை வைத்து இந்த இருவரை ஒப்பிடவே கூடாது.

தலையை எண்ணிப் பிரிப்பது போதாது என்பதை நம் அனுபவம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 52 படுக்கை கொண்ட ஒரு பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஹெதர் டப்ஸ்-கூலி என்ற செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதை முறையாக அளந்து, 2019-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். 136 செவிலியர்கள், 418 குழந்தைகள், 12 மணி நேர ஷிப்டுகள் 332. ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும், செய்ய வேண்டியதில் எது விடுபட்டது என்றும் வேலை எவ்வளவு பாரமாக இருந்தது என்றும் செவிலியரிடமே கேட்டார்கள். பாரத்தை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்டது நாசாவில் சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லேண்ட் இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆறு கேள்விகள். மூளைக்கு எவ்வளவு வேலை, உடலுக்கு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, நினைத்தபடி செய்ய முடிந்ததா, எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது, எவ்வளவு எரிச்சல் வந்தது, அவ்வளவுதான்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தவர்களிடம் ஏதாவது ஒரு பராமரிப்பு விடுபடும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. எண்ணிக்கைக்கும் அர்த்தம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆனால் எண்ணிக்கையையும் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, எண்ணிக்கையின் விளைவு பல இடங்களில் மங்கிவிட்டது. பாரத்தின் விளைவு ஆராய்ந்த எல்லா வகைப் பராமரிப்பிலும் அப்படியே நின்றது. என்னைக் கேட்டால், ஒதுக்கீடு எழுதுபவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது. இரண்டு குழந்தை வைத்திருப்பவர் மூன்று வைத்திருப்பவரைவிட அதிக பாரம் சுமக்க நேரலாம்.

பாரம் ஏறும்போது வேலை எப்படிக் கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெளியே தெரியாமல் கெடுகிறது. முதலில் போவது தாயிடம் பேசுவது. அடுத்தது தாய்ப்பாலில் நனைத்த பஞ்சால் வாயைத் துடைப்பது. பிறகு குழந்தையைத் திருப்பிப் படுக்கவைப்பது, சிபாப் குழல் அழுத்தி மூக்கின் நடுத்தண்டு சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கும் பிறகு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழல்) போட்ட இடத்தை மணிக்கொரு தடவை பார்ப்பது. மருந்து கொடுப்பது மட்டும் கடைசிவரை தப்பிக்கும். அதற்குத் தாளில் கட்டம் இருக்கிறது, கையெழுத்து வேண்டும், காலையில் யாராவது பார்ப்பார்கள். கட்டம் இல்லாத வேலைகள் முதலில் உதிர்ந்துவிடும். ஆகவே கேஸ் ஷீட்டை மட்டும் புரட்டி ஒருவருடைய வேலையை எடைபோட்டால், எழுதி முடித்தவர் நல்ல செவிலியராகவும் குழந்தையின் பக்கத்திலேயே நின்றவர் மோசமான செவிலியராகவும் தெரிவார். உங்கள் மருத்துவர் பார்த்தது அந்தத் தாளைத்தான் என்று நினைக்கிறேன்.

என் ஒதுக்கீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்று ஒரு செவிலியருக்கு மூன்று குழந்தைகள் கொடுத்தேன். மூன்றும் லேசானவை என்று நினைத்தே கொடுத்தேன். அதில் ஒன்றை அன்று மாலைதான் வென்டிலேட்டரிலிருந்து எடுத்திருந்தோம். வென்டிலேட்டர் இல்லை என்பதால் என் கணக்கில் அது லேசான குழந்தை. உண்மையில் குழாய் எடுத்த முதல் இரவில் இருக்கும் குழந்தை, குழாயோடு அசையாமல் இருக்கும் குழந்தையைவிடப் பல மடங்கு கவனம் கேட்கும். இன்னொரு குழந்தை ஹாலின் மறுகோடியில், தூணுக்குப் பின்னால். அதன் காலில் கால்சியம் கலந்த திரவம் போய்க்கொண்டிருந்தது. இரவு 1 மணிக்கு அந்தச் செவிலியர் காலைப் பார்த்திருக்கிறார், நன்றாக இருந்தது. 2 மணிக்குப் பார்க்க முடியவில்லை, குழாய் எடுத்த குழந்தைக்கு மூச்சு கொடுக்க ஆம்பு பையை அழுத்திக்கொண்டிருந்தார். 3 மணிக்குப் போய்ப் போர்வையை விலக்கியபோது பாதம் வீங்கி, வெளுத்து, மெழுகு தடவியதுபோல் பளபளத்தது. திரவம் நரம்பைவிட்டு வெளியே கசிந்திருந்தது. சில நாட்களில் தோல் கறுத்து உரிந்தது. புண் ஆறப் பல வாரம் ஆனது, தழும்பு நின்றுவிட்டது. அந்தச் செவிலியருக்கு மெமோ கொடுத்தார்கள். ஒதுக்கீட்டுத் தாளை யாரும் கேட்கவில்லை, என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது எனக்குப் பெரிய வருத்தம்.

எந்திரத்தைப் பார்த்துக் குழந்தையை எடைபோடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அந்தப் பாதம்தான் காரணம். இந்தக் குழந்தை அடுத்த 12 மணி நேரத்தில் எத்தனை தடவை நம்மைத் தன் பக்கம் இழுக்கும், முன்கூட்டியே சொல்ல முடியாதபடி இழுக்குமா, நேரம் சொல்லி இழுக்குமா என்று கேளுங்கள். நேரம் சொல்லி இழுக்கும் குழந்தைகள் மூன்றை ஒருவர் பார்க்கலாம். சொல்லாமல் இழுக்கும் குழந்தை ஒன்று இருந்தால், அதன் பக்கத்தில் வைப்பது நேரம் சொல்லி இழுக்கும் குழந்தையாக இருக்க வேண்டும், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். சொல்லாமல் இழுக்கும் இரண்டை ஒரே ஆளிடம் கொடுத்தால் அது ஒதுக்கீடே இல்லை. உங்கள் 4-உம் 9-உம் அப்படித்தான் சேர்ந்துவிட்டன.

அந்தச் சேர்க்கையில் இன்னொரு ஆபத்தும் உண்டு, கை வழியாகப் போகும் கிருமி. தொற்று உள்ள குழந்தையையும் தொற்று இல்லாத 900 கிராம் குழந்தையையும் ஒரே ஜோடிக் கைகளில் கொடுக்கிறோம், அந்தக் கைகளை ஓடவும் விடுகிறோம். ராபர்ட் ஹேலி, டென்னிஸ் பிரெக்மன் இருவரும் 1982-இலேயே எழுதினார்கள்: ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு ஏழு குழந்தைகளுக்கு மேல் ஆன நாட்களை அடுத்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று கொத்தாகக் கிளம்பும் வாய்ப்பு 16 மடங்கு இருந்தது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1996 டிசம்பரில் தொடங்கி 1997 ஜனவரி வரை நீடித்த என்டரோபாக்டர் தொற்றை ஆராய்ந்தவர்களும் ஆள் பற்றாக்குறை, நெரிசல், கைச்சுத்தக் குறைவு மூன்றையும் சேர்த்தே காரணமாகச் சொன்னார்கள். கை கழுவத் தெரியாத செவிலியர் யாரும் இந்தப் பிரிவுகளில் இல்லை. இன்னொரு குழந்தை நீலம் பாரிக்கும்போது கைகளைக் காயவிட அவருக்கு நேரம் இருப்பதில்லை.

பால் கொடுக்கும் நேரத்தைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. குழாய் வழியாகப் பால் கொடுப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதித்து, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, பால் தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. துணி மாற்றி, எழுதி முடிக்க ஒரு குழந்தைக்கு 25 நிமிடம் என்று வையுங்கள். மூன்று குழந்தைகளுக்கும் 12, 2, 4 என்று ஒரே மணியில் பால் என்றால் முதல் குழந்தை 12-க்கும் மூன்றாவது 12.50-க்கும் பால் குடிக்கும், அதுவும் நடுவில் ஒரு அலாரமும் அடிக்காவிட்டால். 75 நிமிடம் கையை விட முடியாத வேலை, பிறகு 45 நிமிடம் இடைவெளி, மறுபடியும் அதே நெருக்கடி. ஒரு குழந்தைக்கு 12, அடுத்ததற்கு 12.40, மூன்றாவதற்கு 1.20 என்று மாற்றினால் மொத்த வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் செவிலியருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தாய்மார்கள் பால் எடுத்துக்கொண்டு வரும் நேரத்தோடு இது இடிக்கும், அவர்களிடமும் மருத்துவரிடமும் பேசித்தான் மாற்ற வேண்டும். நான் மாற்றியபோது ஒரு வாரம் குழப்பமாக இருந்தது, அதன்பின் யாரும் பழைய முறைக்குப் போகச் சம்மதிக்கவில்லை.

இந்தப் பிரிப்பைக் கணிதமாகவே செய்தவர்களும் இருக்கிறார்கள். 2002-இல் முல்லினாக்ஸ், லாலி என்ற இருவர், ஒவ்வொரு குழந்தைக்கும் நோயின் தீவிரத்தைப் பொறுத்து ஒரு மதிப்பெண் கொடுத்து, செவிலியர்களுக்கு நடுவே அந்த மதிப்பெண் சமமாக விழும்படி கணினியைக் கொண்டு பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் குழந்தைகள் எல்லாம் ஒரே பகுதிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்தார்கள். படுக்கையின் தூரத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு எனக்குப் பிடித்தது. மதிப்பெண் முறை உங்கள் பிரிவுக்கும் உதவும், நோட்டுப் புத்தகத்திலேயே செய்யலாம். ஆனால் நேற்றுக் குழந்தையை இழந்த செவிலியர் இன்று யார், மூன்று நாள் தொடர்ந்து அதே அழும் தாயைத் தேற்றிக் களைத்தவர் யார் என்று மதிப்பெண்ணுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

முடிந்தவரை அதே குழந்தையை அதே செவிலியருக்குக் கொடுங்கள். நேற்றைய நிறத்தையும் அசைவையும் அறிந்தவர், மானிட்டர் சொல்லும் முன்பே இன்று ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார். ஆனால் மிகக் கடினமான குழந்தையை ஒருவரிடமே வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்தவருக்கு எப்போதும் லேசானதையே கொடுத்தால் அவர் கற்க மாட்டார், கடினமான ஒன்றைக் கொடுத்து அடுத்த படுக்கையில் மூத்தவரை வையுங்கள். அடுத்து அட்மிஷன் வந்தால் யார் எடுப்பது என்பதையும் ஷிப்டு தொடங்கும்போதே எழுதிவிடுங்கள், அவருடைய பாரத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். 2 மணிக்கு ஆம்புலன்ஸ் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

ஆள் போதாது என்று நீங்கள் சொல்வதும் நியாயம்தான். கலிபோர்னியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில், பச்சிளங்குழந்தைப் பிரிவு உட்பட, ஒரு செவிலியருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். பிரிட்டனில் பேறுகால, பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கான சங்கம் (பி.ஏ.பி.எம்.) வகுத்த தரப்படி தீவிர சிகிச்சைக்கு ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர், அதற்கு அடுத்த நிலையில் இரண்டுக்கு ஒருவர், சிறப்புப் பராமரிப்பில் நான்குக்கு ஒருவர். அதோடு, எந்தக் குழந்தையின் பொறுப்பும் இல்லாமல் ஷிப்டை ஒருங்கிணைக்க ஒருவர் தனியாக. நம் நாட்டில் மாவட்ட அளவிலான எஸ்.என்.சி.யு.களுக்கு (நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகளுக்கு) 2011 வழிகாட்டி சொல்வது ஒரு ஷிப்டில் மூன்று நான்கு படுக்கைக்கு ஒரு செவிலியர். வளம் மிகுந்த அமெரிக்காவிலேயே 67 பிரிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், மிகத் தீவிர நிலையில் இருந்த குழந்தைகளில் 68 சதவீதத்துக்குத் தரம் சொன்ன அளவு செவிலியர் கிடைக்கவில்லை. எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குத் தொற்று அதிகமானதும் அந்தக் குறையோடு சேர்ந்தே காணப்பட்டது. எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் ஐந்து பேர் ஏழு பேர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் கூடுதல் ஆள் கேட்டு மேலே எழுதும்போது "பணிச்சுமை அதிகம்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். முன்பு சொன்ன அந்த ஆறு கேள்விகளுக்கு உங்கள் செவிலியர்கள் எழுதிய பதிலும், ஒவ்வொரு ஷிப்டிலும் எந்த வேலை விடுபட்டது என்ற பட்டியலும் ஒரு மாதத்துக்குச் சேர்ந்தால், அதை ஒதுக்கிவிட முடியாது. பட்டியலில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மெமோ வரும் என்று பயந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

இன்றிரவுக்கே ஒன்று செய்யுங்கள். 4-ஐ அதன் பக்கத்தில் இருக்கும் நிலையான குழந்தை ஒன்றோடு சேருங்கள். 9-ஐ அந்த அறையிலேயே இருப்பவர் பார்க்கட்டும், அவர் கதவைத் தாண்டி வர வேண்டாம். யாருக்காவது நான்கு குழந்தைகள் விழுந்தால், நான்கும் பாலாடையில் குடிப்பவையாக, ஒரே வரிசையில் இருக்கட்டும். நீங்கள் ஒரு படுக்கையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் குறைவு என்றால் எடுக்கத்தான் மனம் வரும், ஆனால் இரண்டு அலாரம் ஒன்றாக அடிக்கும்போது ஓடிவர யாராவது ஒருவர் கையில் வேலை இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்தச் செவிலியரை மாற்றச் சொன்ன மருத்துவரிடம் போகும்போது, அந்த இரவின் மானிட்டர் பதிவை எடுத்துக்கொண்டு போங்கள். 4-ஆம் எண் குழந்தைக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது, ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு நேரத்தில் மேலே வந்தது என்று அதில் இருக்கும். கேஸ் ஷீட்டில் காலியாகக் கிடக்கும் கட்டங்களை அந்த நேரங்களோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.